குளிர வைத்த குப்பி

குப்பி வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்புக்கு மேலே, உப்புச் சாடிக்கும் கருப்பட்டி டப்பாவுக்கும் நடுவே, சுண்டுவிரல் உயரமே உள்ள அந்தக் கண்ணாடிக் குப்பியை வனிதா இரு விரல்களால் எடுத்தாள். மேலே ஒரு துளி ஈரமும் இல்லை. ரப்பர் மூடியைச் சுற்றியிருந்த தகரப் பட்டையில் மட்டும் தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கு மெல்லியதாகப் படிந்திருந்தது.

அதை ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுத்தவள் அவள்தான். ஓரகத்தி செல்வப்பிரியாவின் தாய்வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள் என்று அரைத்த மாவுக்கு இடம் போதவில்லை. மாவுப் பாத்திரத்தை உள்ளே தள்ளும்போது, கதவோரத்தில் பஞ்சு சுற்றி வைத்திருந்த குப்பியை எடுத்துத் தட்டின்மேல் வைத்தாள். விருந்தினர் சாப்பிட்டுக் கிளம்பியதும் பாத்திரம் காலியானது. குப்பி மட்டும் திரும்பப் போகவில்லை. மறந்துவிட்டாள் என்று சொல்வதற்கில்லை. அடுப்பு மூட்டிய ஒவ்வொரு முறையும் அது அவள் கண்ணில் பட்டது. பட்ட ஒவ்வொரு முறையும் அவள் வேறு எதையாவது பார்த்தாள். சித்திரை வெயிலில் அந்தச் சமையலறைச் சுவரே கை வைத்தால் சுட்டது.

ஃபிரிட்ஜ் அவளுடைய பிறந்த வீட்டுச் சீர். இந்த வீட்டில் அவளுடையது என்று சுட்டிக்காட்ட மிஞ்சியிருந்த ஒரே பொருள். அதில் நாய்க்குட்டிக்கான மருந்தை வைக்கலாமா என்று அவளிடம் எவரும் கேட்கவில்லை. கொழுந்தன் கௌசிக், செல்வப்பிரியாவின் கணவன், பொள்ளாச்சியிலிருந்து ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் கொண்டுவந்தான்; தானே கதவைத் திறந்தான்; வைத்தான். அண்ணியை அவன் கூப்பிடுவது நங்கையா என்றுதான்.

“நங்கையா, இது வெறிநாய்க்கடி ஊசி மருந்துங்க. சூடு பட்டா அப்புறம் அது வெறுந் தண்ணிதானாம். பாத்துக்கங்க.”

‘பாத்துக்கங்க’ என்ற சொல் மட்டும் எப்போதும் அவளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. கொஞ்சுவதற்கு மற்றவர்கள் இருந்தார்கள்.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. மிருகாசுபத்திரியில் வேலை பார்க்கும் மாரீஸ்வரன் வந்துவிட்டான். வனிதா குப்பியின் பிசுக்கை முந்தானையால் துடைத்து, ஐஸ் தட்டோடு ஒட்டினாற்போல் உள்ளே செருகினாள். அத்தை முத்தாத்தாள் அவனுக்கு மோர் கொடுத்து, நாய்க்குட்டியின் பெருமையைச் சொல்லி முடித்து, மருந்தைக் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிட்டபோது, குப்பியின் மேல் பனி வேர்த்திருந்தது. வனிதா அதைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போனாள்.

மாரீஸ்வரன் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தான். மூணாறுப் பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்து, வேலைக்காகக் கொழிஞ்சாம்பாறைக்கு இறங்கி வந்தவன். பேச்சு மட்டும் மலையிலேயே நின்றுவிட்டது.

“நல்லாக் குளுந்திருக்கு அக்கா. இங்கன பாதி வீட்ல முட்டைக்கூடைக்குப் பக்கத்துல போட்டு வச்சிட்டு ஊசி போடுன்னு நிப்பாக. நீங்க கரெக்டா வச்சிருக்கீக.”

வனிதா சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே விளங்கவில்லை.

குட்டிக்கு லட்டு என்று பேர் வைத்திருந்தார்கள். வேலந்தாவளம் சந்தைக்கு மாடு பார்க்கப் போன கௌசிக், மாட்டுக்குப் பதிலாக ஓலைக்கூடையில் இந்தச் செம்பட்டைக் குட்டியோடு திரும்பியிருந்தான். செல்வப்பிரியா அதன் முன்கால்களைப் பிடித்துக்கொண்டாள். அத்தை அதன் முகத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

“என்ற சாமிக்கு வலிக்காமப் போடுங்க தம்பி. கொழந்தையாட்ட அது.”

வனிதா சுவரோரம் நின்று பார்த்தாள். அவளுடைய மகள், இப்போது கோவையில் விடுதியில் படிப்பவள், சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலிலிருந்து ஒரு குட்டியைப் பாவாடையில் சுருட்டி எடுத்து வந்தாள். இதே அத்தைதான் அதைத் தொட்ட இடமெல்லாம் சாணி கரைத்துத் தெளிக்கச் சொன்னாள். அழுத குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் குட்டியைத் தார்ச்சாலையில் விட்டுவிட்டு வந்தவள் வனிதா. இன்று நாய் கட்டிலில் படுக்கிறது. சின்ன மருமகள் கைபட்டால் அந்த வீட்டில் தீட்டும் திருநீறாகிவிடுகிறது.

ஊசி இறங்கியது. குட்டி ஒரு முறை கத்தியது.

கை கழுவக் குழாயடிக்கு வந்த மாரீஸ்வரன், தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவளிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “ஊசி போட்டாச்சுன்னு அசந்துரக் கூடாது அக்கா. பல்லு பட்டாலும் நகம் கீறுனாலும், சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில நல்லாக் கழுவிட்டு நேரா பெரியாசுபத்திரிக்குப் போயிரணும். நாய்க்குப் போட்ட ஊசி நாய்க்கு. மனுசனுக்கு வேற. வீட்ல எல்லாத்துக்கும் சொல்லிருங்க.”

“சொல்றேனுங்க தம்பி.”

அவள் சொல்லவில்லை. அன்று மாலை அத்தை செல்வப்பிரியாவின் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். குட்டி இருவர் மடியிலும் பாதிப் பாதியாகக் கிடந்தது. அந்த மூவருக்கும் நடுவே ஒரு சொல்லை நுழைக்க இடமில்லாதது போலிருந்தது.

ஊசிக்கு முன்பே குட்டிக்கு வயிற்றுப் பூச்சி மருந்து கொடுத்தாகியிருந்தது. அந்தக் காலையை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. மாட்டுக்கொட்டகை மூலையில் குட்டி முதுகை வளைத்து நின்றது. அதனிடமிருந்து வெளுத்த நூல்நூலாக, ஒன்றோடொன்று பின்னிய ஒரு கொத்து விழுந்தது. “நங்கையா, இன்னிக்குச் சேமியாப் பாயசம் மட்டும் வேண்டாமுங்க,” என்றான் கௌசிக். செல்வப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாம்பல் போட்டு மூடும் வேலை வனிதாவுக்கு வந்தது. போட்டாள். சாம்பலுக்கு அடியில் ஏதோ ஒன்று நெடுநேரம் மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டா அது அவ்வளவு அழகாக வாலாட்டியது என்ற எண்ணம், அருவருப்பைவிட நெருக்கமான ஏதோ ஒன்றாக அவளுக்குள் தங்கிவிட்டது.

ஆடிக்காற்று வந்தது. கணவாய் வழியாக மேற்கிலிருந்து நுழையும் அந்தக் காற்று பகலெல்லாம் தென்னந்தோப்பைப் பிடித்து உலுக்கும். மட்டைகள் உரசும் ஓசை, யாரோ பாயை இழுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவதைப் போலக் கேட்கும். அப்படியொரு மாலை மசங்கும் நேரத்தில் வாய்க்காலோரம் ஒரு நாய் நிற்பதை வனிதா கண்டாள். ஊர் நாயில்லை. தலை ஒருபக்கம் சாய்ந்து, வாய் மூட முடியாததுபோல் தொங்கி, நீர்க்கோடு ஒன்று தாடையிலிருந்து மண்வரை இறங்கியிருந்தது. காலடியில் வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. அது குனியவில்லை. நின்றது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, தண்ணீருக்கு அஞ்சியதுபோல் பின்னங்கால்கள் நடுங்க நின்றது.

லட்டு குரைத்துக்கொண்டு ஓடியது. ஒரு புரளல். ஓர் உறுமல். பிறகு தோப்பின் இருட்டு அந்த அந்நிய நாயை விழுங்கிக்கொண்டது. லட்டு காது நுனியில் கிழிசலோடு திரும்பி வந்தது.

செல்வப்பிரியா பதறிக்கொண்டு மடியில் வைத்துத் துடைத்தாள். வனிதாவின் கணவன் பூபதிராஜா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஊசி போட்ட நாய்க்கு என்னாகப் போவுது. இந்த ஊட்டுல நாம்பதான் ஊசி இல்லாமத் திரியறோம்.”

எல்லோரும் சிரித்தார்கள். வனிதாவின் வாய் திறந்தது. சொல்லியிருக்கலாம். மருந்து வெளியே கிடந்தது, இன்னொரு ஊசி போட்டுவிடலாம் என்று, அவ்வளவுதான். அதற்குள் அத்தையின் கண் அவள்மேல் விழுந்தது.

“ஏன் வனிதா, மூஞ்சி ஒரு மாதிரி ஆவுது? வாயில்லாச் சீவனுக்குக் காயம்னா உனக்குச் சந்தோசமாக்கும்.”

“அத்தே, அக்காளைச் சும்மா சீண்டாதீங்க,” என்றாள் செல்வப்பிரியா.

அந்தப் பரிவுதான் தாங்க முடியாததாக இருந்தது. வனிதா வாயை மூடிக்கொண்டாள். சொன்னால் என்ன ஆகும் என்பதை அவள் முழுதாகப் பார்த்தாள்: நான்கு முகங்கள் ஒன்றாகத் திரும்பும், அவற்றில் அதிர்ச்சி இருக்காது, இவள் இப்படித்தான் என்று முன்பே தெரிந்த நிம்மதிதான் இருக்கும். அந்த நிம்மதியை அவர்களுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

பிறகு சில வாரம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத அந்த நாட்களில்தான் அவளுடைய செவி கூர்மையாகிக்கொண்டே வந்தது. குட்டி தண்ணீர் குடிக்கும் ‘சளப் சளப்’ ஓசை சமையலறைவரை கேட்கும். அவள் அதை வெறுத்திருந்தாள். இப்போது அதற்காகக் காத்திருந்தாள். ஒரு நண்பகல் அது கேட்கவில்லை. சாயங்காலமும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தாள். வட்டில் நிறையத் தண்ணீர். மேலே தென்னம்பூத் துகள் படிந்திருந்தது, கலையாமல்.

குரைப்பு மாறியது. வழக்கமாகத் தொடங்கி, நடுவில் உடைந்து, நீண்டு மேலேறும் ஒரு கேவலாக முடிந்தது. நெல் குதிருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, இல்லாத ஈயைக் கவ்வியது. கவ்வும்போது பல் பல்லோடு மோதும் ஓசை, யாரோ இருட்டில் கொட்டைப்பாக்கு வெட்டுவதுபோல, வெட்டி நிறுத்தி, வெட்டி நிறுத்தி.

“மறுக்காப் பூச்சி புடிச்சிருக்குது,” என்றாள் அத்தை. “வாயில நொரை தள்ளுதே. பூச்சி மேல ஏறுனா அப்படித்தான். அந்த மருந்தை இன்னொருக்காக் குடு அம்மிணி.”

அம்மிணி என்றால் செல்வப்பிரியா. வனிதாவை அந்த வீட்டில் யாரும் அம்மிணி என்றதில்லை. அவளிடம் மருந்துப் புட்டியைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தாள். இளஞ்சிவப்பு மருந்தின் செயற்கையான பழவாசனை, ஈர மயிரின் நெடியோடு கலந்து அவள் தொண்டையில் ஏறியது. செல்வப்பிரியா தரையில் அமர்ந்து குட்டியை முழங்கால்களுக்கிடையே இடுக்கி வாயைப் பிளந்தாள். ஊற்றிய மருந்து இறங்கவில்லை. இரண்டு கடைவாயிலும் வழிந்தது.

“தொண்டையில என்னமோ சிக்கியிருக்குதுங்க்கா. எலும்பாட்டம். அதான் முழுங்க மாட்டீங்குது.”

“விரலை விடாதே,” என்றாள் வனிதா.

அவ்வளவு மெல்லச் சொன்னாள், காற்று அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அல்லது போகட்டும் என்றே அவ்வளவு மெல்லச் சொன்னாளா. விரல் ஏற்கெனவே உள்ளே இருந்தது. தாடை மூடியது, பெரிதாக ஒன்றுமில்லை, முள் கீறியதுபோல ஒரு கோடு, அதன்மேல் கடுகளவு ரத்தம்.

“ஐயோ, பல்லுப் பட்டிருச்சா?” என்று அத்தை எழுந்தாள்.

“ஒன்னுமில்லீங்கத்தே. ஊசி போட்டதுதான? ஏனுங்க்கா?”

செல்வப்பிரியா நிமிர்ந்து வனிதாவைப் பார்த்துக் கேட்டாள். முழுநம்பிக்கையோடு. அவளுடைய கண்ணில் காற்று வீசிய தூசியால் வந்த ஈரம் இருந்தது. குழாய் பத்தடி தூரத்தில் இருந்தது. சோப்பு அதன்மேல் இருந்தது. பாலக்காட்டுக்கு மாலைப் பேருந்து இன்னும் போகவில்லை.

“ஆமா,” என்றாள் வனிதா.

சமையலறைக்குப் போய் மஞ்சள்தூள் எடுத்து வந்தாள். தன் கையாலேயே கீறலின்மேல் வைத்து அழுத்தினாள். அந்த விரல் மிருதுவாக, சூடாக, அவளுடைய பிடிக்குள் அடங்கி இருந்தது.

மறுநாள் விடிந்தபோது குட்டி குதிருக்கடியில் விறைத்துக் கிடந்தது. பூச்சிதான் தொண்டையை அடைத்துக் கொன்றுவிட்டது என்று அத்தை தீர்த்துச் சொன்னாள். மாரீஸ்வரனுக்குச் சொல்லவா என்று பூபதிராஜா கேட்டபோது, “செத்த நாய்க்கு எதுக்கு ஆசுபத்திரி,” என்றாள். கௌசிக் தென்னங்கன்றின் தூரில் குழிவெட்டிப் புதைத்தான். செல்வப்பிரியா அழுதாள். வீடே அவளைச் சுற்றி உட்கார்ந்து தேற்றியது. குதிருக்கடியைக் கழுவிவிட்டு நிமிர்ந்த வனிதாவுக்கு, அந்தக் கணத்திலும், அச்சத்தையும் மீறி முதலில் எழுந்தது பழைய எரிச்சல்தான்: செத்த பிறகும் இவளுக்கே மடி கிடைக்கிறது.

அதன்பின் சோறு பரிமாறும்போதெல்லாம் அவள் பார்த்தது ஒரு விரலை. கீறல் ஆறியது. பக்கு உதிர்ந்தது. ஆவணியில் ஓணம் கழிந்தது. தோப்பில் பாத்தி கட்டினார்கள். விரல் மற்ற விரல்களைப் போல ஒரு விரலாகிவிட்டது. வனிதா மெல்ல மூச்சு விடத் தொடங்கினாள். சூடு பட்டாலும் மருந்து கெடாமல் இருந்திருக்கலாம். வந்தது வெறும் தெருநாயாக இருந்திருக்கலாம். பூச்சியாகவே இருந்திருக்கலாம். ஏன், இப்போதுகூடச் செல்வப்பிரியாவை ஆசுபத்திரிக்கு அனுப்பலாம். ஏதாவது சாக்குச் சொல்லலாம். நாளைக்குச் சொல்லலாம். நாளை வந்தது. அன்றும் செல்வப்பிரியா சிரித்துக்கொண்டிருந்தாள், அத்தை அவளுக்குப் பூச்சூட்டிக்கொண்டிருந்தாள், வனிதா எதையும் சொல்லவில்லை.

புரட்டாசியில் காற்று நின்றுபோனது. மட்டைகள் அசையவில்லை. அப்படியொரு பகலில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செல்வப்பிரியா கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒரு விரலைத் தேய்த்தாள்.

“எறும்பு ஊர்றாப்பல இருக்குதுங்க்கா.”

“எங்க?”

“இந்த வெரல்ல. ராத்திரியெல்லாம் இதே ரோதனை.”

எறும்பில்லை. வனிதா குனிந்து பார்த்தாள். விரலில் எதுவுமில்லை. மழமழவென்று, வடுகூட இல்லாமல்.

மறுநாள் காய்ச்சல். பக்கத்து டாக்டர் கொடுத்த மாத்திரையை விழுங்கச் சிரமப்பட்டாள். தொண்டைப்புண் என்றார்கள். அதற்கடுத்த பகலில் அறைக்குள் நுழைந்த வனிதாவிடம் செல்வப்பிரியா கெஞ்சினாள்.

“ஃபேனை நிறுத்துங்க்கா.”

“வேர்க்குதே உனக்கு.”

“காத்து வேண்டாமுங்க்கா. மூஞ்சில படறது... வேண்டாம்.”

நிறுத்தினாள். சிறகுகள் தளர்ந்தன. கடைசிச் சுழற்சியின் காற்று முகத்தில் பட்டபோது செல்வப்பிரியாவின் கழுத்து நரம்புகள் கயிறாக முறுக்கிக்கொள்வதை வனிதா கண்டாள். அப்போதே தெரிந்துவிட்டது. பின்கட்டுக்குப் போய்க் கைப்பேசியில் தேடினாள். ஒரே வரி. அறிகுறி தொடங்கிய பின் பிழைப்பில்லை. அதற்குமேல் படிக்கவில்லை. படிக்க ஏதுமில்லை.

இனி சொன்னால் யாருக்கு என்ன பயன். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. இரண்டும் ஒரே இடத்தில் போய் நின்றன. அவள் முகம் கழுவிக்கொண்டாள்.

பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோகக் கார் பிடிக்கக் கௌசிக் ஓடியிருந்தான். பூபதிராஜா வாசலில் நின்று யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தான். அத்தை கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே வர அவளுக்குத் துணிவில்லை. செல்வப்பிரியா அவளை நெருங்கவிடவில்லை. யாரையும் விடவில்லை. வனிதாவை மட்டும் விட்டாள். கட்டில்மேல் சுவரோடு ஒட்டி அமர்ந்து, வனிதாவின் மணிக்கட்டை இரு கைகளாலும் பற்றிக்கொண்டிருந்தாள். பிடி நெருப்பாகச் சுட்டது.

“நீங்க போயிராதீங்க்கா. நீங்க இருங்க. தாகமா இருக்குதுங்க்கா.”

“தண்ணி குடு வனிதா,” என்றது கதவருகிலிருந்து அத்தையின் குரல். உடைந்த குரல். “ஒரு வாயாச்சும் குடிக்க வை. நீ சொன்னாத்தான் கேக்குறா.”

எவர்சில்வர் டம்ளர். விளிம்புவரை நீர்.

வனிதா உயர்த்தினாள். செல்வப்பிரியாவின் கண்கள் நீரின்மேல் நிலைத்தன. ஆசை. வாய் திறந்தது. உதடு நீண்டு வந்தது. விளிம்புக்கு ஒரு விரற்கடை. அங்கே அந்த முகம் பின்னுக்கு இழுபட்டது, தலைமுடியைப் பிடித்து எவரோ வெட்டி இழுத்ததுபோல. தொண்டை எகிறியது. மூச்சு கேவலாக உள்ளே போனது. பல்லோடு பல் மோதியது. கடைவாயிலிருந்து ஒரு நீர்க்கோடு இறங்கி வனிதாவின் கைமேல் விழுந்தது.

பிறகு அடங்கியது. முகம் மீண்டும் செல்வப்பிரியாவினுடையதானது. வெட்கப்பட்டதுபோல மெல்லச் சிரித்தாள்.

“என்னன்னு தெரியலீங்க்கா. இன்னொருக்காக் குடுங்க. குடிச்சர்றேன்.”

“குடு,” என்றாள் அத்தை.

நிறுத்தலாம். டம்ளரைக் கீழே வைக்கலாம். ஆனால் இந்த வாயால் குடிக்க முடியாது என்று அறிந்தவள்தான் நிறுத்துவாள். அறியாதவள் கொடுப்பாள். பரிவுள்ளவள், எதுவும் தெரியாதவள், கொடுத்துக்கொண்டே இருப்பாள். கதவு நிலையிலிருந்து ஒரு ஜோடிக் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன.

கார் இன்னும் வரவில்லை.

வனிதா டம்ளரை உயர்த்தினாள். தாகத்தோடு அந்த முகம் முன்னால் வந்தது. இழுபட்டது. பல் மோதும் ஓசை. சிரிப்பு. மன்னிப்புக் கேட்கும் கண்கள்.

“இன்னொருக்காங்க்கா.”

உயர்த்தினாள்.